மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு நிறுவனத் தளங்களுக்கு மதிப்பெண் போட்ட அனுபவம்

நிறுவன இணையதளங்களுக்கான ஒரு போட்டிக்கு நடுவராக வரச் சொன்னார்கள். கையில் கொடுத்த மதிப்பெண் தாளில் வடிவமைப்புக்கு 70, அணுகல்தன்மைக்கு 30 என்று இருந்தது. மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாமல் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்பதுதான் அணுகல்தன்மை. வடிவமைப்பை நடுவர்கள் நாங்கள் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அணுகல்தன்மையை மட்டும் யாரும் பார்க்க வேண்டியதில்லையாம். ஒரு தானியங்கிக் கருவியில் முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, அது சொல்லும் எண்ணை 30-க்குச் சுருக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று தாளின் அடியில் ஒரு குறிப்பு.

அந்தக் குறிப்பை எடுத்துவிடுங்கள், எல்லாத் தளங்களையும் நானே கையால் சோதித்துப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எப்படிச் சோதித்தேன், எங்கெங்கே எது கழன்று வந்தது, கடைசியில் அந்தத் தாள் என்ன ஆனது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலை வேறு யார் தலையிலாவது விழலாம். நிறுவனங்களின் பெயர் வேண்டாம். காப்பீடு, சரக்குப் போக்குவரத்து, மருந்து என்று தொழிலை மட்டும் சொல்கிறேன்.

கருவி தரும் எண்

கருவிகளை நான் ஒதுக்கவில்லை. லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் மூன்றையும் உலாவியில் இலவசமாகவே பயன்படுத்தலாம். முதல் சுற்றில் எல்லாப் பக்கங்களையும் இவற்றில் போட்டு எடுத்தேன். லேபிள் இல்லாத பெட்டி, ஆல்ட் உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான எழுத்து விளக்கம்) இல்லாத படம், பெயரே இல்லாத பட்டன், மங்கலான எழுத்து, எந்த மொழி என்று குறிக்காத பக்கம் போன்றவற்றை மனிதர்களைவிட இவை வேகமாகப் பிடிக்கும். வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை இப்படி அலசி வருகிறது. 2024 அலசலில் 95.9 சதவீதப் பக்கங்களில் கருவிக்கே தெரியக்கூடிய பிழைகள் இருந்தன. சராசரியாகப் பக்கத்துக்கு 56.8. முதலிடத்தில் இருந்தது மங்கலான எழுத்து.

ஆனால் கருவிக்கு ஒன்று இருக்கிறதா இல்லையா என்றுதான் தெரியும். இருப்பது பொருத்தமானதா என்று தெரியாது. மருந்து நிறுவனத்தின் தளத்தில் ஒரு படம் விடாமல் ஆல்ட் உரை இருந்தது. எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயர்! ஆய்வகம், தொழிற்சாலை, இயக்குநர்கள், மருந்து உடலுக்குள் எப்படிப் போகிறது என்று விளக்கும் வரைபடம், எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். கருவி அந்த இடத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தது.

2019-இல் மானுவல் மட்டுசோவிச் என்ற வலை நிரலாளர், எவராலும் பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தை வேண்டுமென்றே கட்டி, அதற்கு லைட்ஹவுஸில் 100 வாங்கிக் காட்டினார். லைட்ஹவுஸும் இதை மறைப்பதில்லை. கையால் பார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியலை அறிக்கையின் கீழேயே தருகிறது. அதை யார் விரித்துப் பார்க்கிறார்கள்? மேலே பச்சை வட்டத்துக்குள் இருக்கும் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

எந்தப் பக்கங்களைப் பார்ப்பது

நிறுவனத் தளங்களில் பணமும் கவனமும் கொட்டப்படுவது முகப்பில். வருகிறவர்களுக்கு வேலை இருப்பதோ உள்பக்கங்களில். அதனால் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2014-இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையைத் துணைக்கு எடுத்துக்கொண்டேன். அதில் பக்கங்களைத் தேர்ந்தெடுக்க நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு வகைப் பக்கத்திலிருந்தும் ஒன்று. ஒரு வேலையைத் தொடங்கினால் அது முடியும் வரை வரும் எல்லாப் பக்கங்களும். இவற்றோடு, தேர்ந்தெடுத்ததில் பத்து சதவீத அளவுக்கு எந்தக் கணக்கும் இல்லாமல் பொறுக்கிய பக்கங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். பழைய செய்திக் குறிப்புகள், முடிந்துபோன நிகழ்ச்சிகளின் பக்கங்கள் எல்லாம் அதில்தான் வந்து மாட்டும்.

அளவுகோலாக அதே அமைப்பின் வலை உள்ளடக்க அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பை, அதன் மூன்று நிலைகளில் நடுவில் உள்ள இரட்டை ஏ நிலையில் வைத்துக்கொண்டேன். 1999-இல் முதல் பதிப்பு வந்தது, 2.2 வந்தது 2023 அக்டோபரில். அந்த நெறிகளில் ஒரு விதி நடுவர்களுக்கு ரொம்பவும் உதவும்: பல பக்கங்களாகப் போகும் ஒரு வேலையில் ஒரு பக்கம் தவறினாலும், அந்த வரிசையில் உள்ள எந்தப் பக்கமும் தேறியதாகக் கொள்ள முடியாது. ஆகவே தளத்துக்குத் தளம் சில வேலைகளைத் தீர்மானித்தேன். ஒரு புகாரைப் பதிவு செய்வது. வேலைக்கு விண்ணப்பித்து, அனுப்பு பட்டனுக்கு முந்தைய படி வரை போவது. ஆண்டறிக்கையைத் திறந்து சென்ற ஆண்டின் நிகர லாபத்தைக் கண்டுபிடிப்பது. நிறுவனத் தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வாடிக்கையாளர், வேலை தேடுபவர், பங்குதாரர் ஆகிய மூவரில் ஒருவர்தான்.

டேப் விசை

மவுஸைப் பயன்படுத்த முடியாதவர்கள் விசைப்பலகையால்தான் தளத்தில் நகர்கிறார்கள்; டேப் விசையை ஒருமுறை அழுத்தினால் அடுத்த இணைப்புக்கோ பட்டனுக்கோ போகலாம். மவுஸின் இணைப்பைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு டேப் விசையை அழுத்த ஆரம்பித்தேன். ஒரு தளம் எந்தத் தரத்தில் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள இதைவிடக் குறைந்த செலவில் வேறு சோதனை கிடையாது. கருவியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்.

சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் தளத்தில் அழுத்துகிறேன், அழுத்துகிறேன், திரையில் ஒன்றுமே அசையவில்லை. ஃபோகஸ், அதாவது விசைப்பலகை இப்போது நிற்கும் இடம், நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. உலாவியின் மூலையில் இணைப்பு முகவரி மாறுவதை வைத்துத் தெரிகிறது. ஆனால் எங்கே நிற்கிறது என்று காட்டும் கோடு இல்லை. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நடை வரையறைக் கோப்பைத் (சிஎஸ்எஸ்) திறந்து பார்த்தால், எல்லா உறுப்புகளுக்கும் சேர்த்து ஃபோகஸ் கோட்டை அணைக்கும் ஒற்றை வரி மேலேயே இருந்தது. பட்டனைச் சொடுக்கினால் நீலக் கோடு வருகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதற்காகப் போட்ட வரி அது. இப்போதெல்லாம் விசைப்பலகையில் வருபவருக்கு மட்டும் கோட்டைக் காட்ட உலாவிகளிலேயே வசதி இருக்கிறது. பழைய வரி மட்டும் திட்டத்துக்குத் திட்டம் நகலெடுக்கப்பட்டு வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அதே தளத்தில் மேல் மெனு அகலமாக விரியும். சுட்டியை மேலே கொண்டுபோனால் விரிகிற வகை. டேப் விசையில் விரியவில்லை. ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் ஒவ்வொன்றாக ஃபோகஸ் போய் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளைக் கடந்த பிறகுதான் பக்கத்தின் உள்ளடக்கமே தொடங்குகிறது. நேராக உள்ளடக்கத்துக்குத் தாவ ஓர் இணைப்பை முதலில் வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. வைத்திருக்கவும் செய்தார்கள்! அழுத்தினால் முகவரியில் ஒரு ஒட்டு மட்டும் சேர்கிறது, ஃபோகஸ் எங்கும் போகவில்லை. அது சுட்ட வேண்டிய இடத்தின் பெயரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஆல்ட் உரையைப் போலவே இதுவும், இருக்கிறது என்று கருவி டிக் போட்டுவிட்ட இனம்.

குக்கீ அனுமதிப் பட்டை திரையின் கீழ்ப் பாதியை மூடிக்கொண்டு நிற்கிற தளங்கள் பல. ஃபோகஸ் அந்தப் பட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அதை மூடலாம் என்றால், நிரலில் அது பக்கத்தின் கடைசியில் இருப்பதால், முழுப் பக்கத்தையும் டேப்பில் கடந்துதான் போய்ச் சேர முடியும். 2.2 பதிப்பில் புதிதாக வந்த ஒரு விதி இதற்காகவே எழுதியது மாதிரி இருக்கிறது: ஃபோகஸ் பெற்ற உறுப்பு வேறு எதனாலும் முழுக்க மறைக்கப்படக் கூடாது.

காப்பீட்டு நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பகுதியில் பிறந்த தேதி கேட்கும் ஒரு நாள்காட்டி இருந்தது. தட்டச்சு செய்ய விடாது. திறந்தால் இந்த மாதம் காட்டும். பின்னால் போக ஓர் அம்புக்குறி, ஒரு அழுத்தலுக்கு ஒரு மாதம். ஆண்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. 1980-இல் பிறந்த ஒருவர் 500 தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். மவுஸ் வைத்திருப்பவருக்கும் இதே கணக்குதான். விசைப்பலகைக்காரருக்குக் கூடுதல் பரிசு: எஸ்கேப் அழுத்தினால் நாள்காட்டி மூடாது, டேப் அழுத்தினால் உள்ளேயே சுற்றும். இங்கேயே என் சோதனை நின்றது. இதை அணுகல்தன்மைக் கட்டத்தில் எழுதுவதா, வடிவமைப்புக் கட்டத்திலா? எந்தக் கட்டத்தில் எழுதினாலும் பொருந்தும். 70, 30 என்ற பிரிவு எனக்கு உறுத்த ஆரம்பித்தது இந்த நாள்காட்டியில்தான்.

நிறமும் பெரிதாக்கமும்

நிற வேறுபாட்டைப் பார்ப்பது சுலபம். இரண்டு நிறங்களின் ஒளிர்வையும் எடுத்து, ஒவ்வொன்றுடனும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் விகிதம் வரும். வெள்ளைக்கும் கருப்புக்கும் 21. சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 சாம்பல் 4.54 வாங்கித் தேறும். அதைவிட ஒரு படி வெளிறிய #777777 சாம்பல் 4.48 வாங்கித் தோற்கும். போட்டிக்கு வந்த தளங்களில் அதிகம் கண்ணில் பட்டது #999999. அதன் விகிதம் 2.85. தேதி, படவிளக்கம், அடிக்குறிப்பு, சட்ட நிபந்தனை எல்லாம் அந்தச் சாம்பலில்தான் இருக்கின்றன. நிறுவனத்துக்கு எது முக்கியமில்லை என்று படுகிறதோ அது வெளிறிவிடுகிறது. வட்டி விகிதத்தின் நிபந்தனை எனக்கு முக்கியம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்!

பிராண்டு நிறம் என்று வரும்போது சண்டைதான். ஒரு தளத்தின் எல்லாப் பட்டன்களும் ஆரஞ்சு, மேலே வெள்ளை எழுத்து. விகிதம் 2.94. அதே ஆரஞ்சின் மேல் கருப்பு எழுத்து வைத்தால் 7-ஐத் தாண்டும். சக நடுவர் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வெள்ளைதான் தெளிவாகத் தெரிகிறது என்றார். ஆரஞ்சு விஷயத்தில் இந்தச் சூத்திரம் கண்ணோடு ஒத்துப்போவதில்லை என்பது வடிவமைப்பாளர்களிடையே பழைய வாதம். அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் எல்லாத் தளங்களையும் ஒரே கோலால் அளக்கவேண்டியிருப்பதால் 2.94 என்றே எழுதினேன். ஆரஞ்சைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால் வெள்ளையும் தேறும்; பிராண்டு கையேட்டைத் தொட யாருக்கும் மனம் வருவதில்லை, அவ்வளவுதான்.

பெரிதாக்கிப் பார்க்கும் சோதனையில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. 1280 பிக்சல் அகலத் திரையில் பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கினால், 320 பிக்சல் அகலக் கைபேசியில் பார்ப்பதற்குச் சமம். அப்போதும் பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. தரவு அட்டவணை, வரைபடம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. நிறுவனத் தளங்களில் பெரும்பாலானவை கைபேசிக்கும் பொருந்துபவை என்பதால் இதில் சுலபமாகத் தேறும் என்று நினைத்தேன். எழுத்துகள் ஒழுங்காக மடங்கின. ஆனால் 400 சதவீதத்தில் மேல் மெனு மறைந்து, கைபேசிக்கான மூன்று கோட்டு மெனு வந்துவிடுகிறது. அந்த மூன்று கோடு விரல் தொடுவதற்காக எழுதப்பட்டது. பட்டனாக எழுதாமல் வெறும் பெட்டியாக எழுதி, தொட்டால் திறக்கும்படி செய்திருக்கிறார்கள். டேப் விசை அதில் நிற்பதே இல்லை. ஆக, பார்வை மங்கி எழுத்தைப் பெரிதாக்கி விசைப்பலகையில் வேலை செய்யும் ஒருவருக்குத் தளத்தில் மெனுவே கிடையாது. இது ஒரு தளத்தின் கோளாறு இல்லை. கிட்டத்தட்டப் பாதித் தளங்களில் இதேதான். கணினியில் சோதித்தவர் பெரிதாக்கிப் பார்க்கவில்லை, கைபேசியில் சோதித்தவரிடம் டேப் விசை இல்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்த பள்ளம் இது.

மேலே ஒட்டிக்கொண்டே வரும் தலைப்பட்டை 400 சதவீதத்தில் பாதித் திரையைத் தின்றுவிடும் கதையும் உண்டு. அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

காதால் கேட்டபோது

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானாக என்விடிஏ-வை எடுத்துக்கொண்டேன். 2006-இல் மைக்கேல் கரன் தொடங்கிய திறமூல மென்பொருள், இலவசம். விண்டோஸில் ஓடும். திரையை இருட்டாக்கிவிடும் வசதி அதிலேயே இருக்கிறது. கண் தெரிந்தவர்கள் சோதிக்கும்போது அதைப் போட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் காதுக்கு எட்டாததைக் கண் நிரப்பிவிடும்.

சமூக ஊடகக் குறிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் "இணைப்பு, இணைப்பு, இணைப்பு, இணைப்பு" என்றது. செய்திகள் பகுதியில் "மேலும் படிக்க" என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனது. எதைப் பற்றி மேலும் என்பது அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. இயக்குநர்கள் பக்கத்தில் சுட்டியை வைத்தால் மட்டும் பெயர் தெரிகிற படங்கள். கேட்டால் கோப்பின் பெயரைப் படித்தது, ஐஎம்ஜி அடிக்கோடு என்று தொடங்கி எண்களாக. நிர்வாகக் குழுவின் தலைவரே ஓர் எண்ணாகிப் போனார்.

முகப்பில் சுழலும் படத்தொகுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தின் எரிக் ரன்யன் 2013-இல் தங்கள் தளத்தின் புள்ளிவிவரங்களை வெளியிட்டார். சுழலும் படங்களைச் சொடுக்கியவர்கள் சுமார் ஒரு சதவீதம். அந்தச் சொடுக்குகளிலும் மிகப் பெரும்பகுதி முதல் படத்தில். இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒவ்வொரு துறைத் தலைவருக்கும் முகப்பில் ஓர் இடம் வேண்டும் என்பதால் சுழற்றுகிறார்கள். தானாக ஓடி ஐந்து வினாடிக்கு மேல் நீளும் எந்த அசைவுக்கும் நிறுத்தும் வழி வேண்டும். பெரும்பாலானவற்றில் இல்லை.

படிவம்

அதிக நேரம் செலவானது படிவங்களில்தான். காப்பீட்டு நிறுவனத்தின் புகார்ப் படிவத்தை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், பாலிசி எண், புகார், கோப்பு இணைப்பு என ஆறு பெட்டிகள். பெட்டிகளுக்கு மேல் லேபிள் இல்லை. பெட்டிக்குள்ளேயே வெளிறிய எழுத்தில் "பாலிசி எண்" என்று இருக்கும். ஓர் எழுத்து அடித்ததும் மறைந்துவிடும். என்விடிஏ அந்த வெளிறிய எழுத்தைப் படித்துவிட்டது, அதனால் முதல் முறை நிரப்புவதில் சிக்கல் இல்லை. எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பு என்று அழுத்தினேன். அமைதி. மறுபடி அழுத்தினேன். அமைதி. திரையைத் திறந்து பார்த்தால் ஒரு பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு. எந்தப் பெட்டி? உள்ளே எண் இருக்கிறது, மேலே லேபிள் இல்லை. கைபேசி எண்ணா பாலிசி எண்ணா என்று கண்ணால் பார்த்தும் ஒரு நொடி குழப்பம். என்ன தவறு என்று எழுத்தில் எங்கும் இல்லை. நிறக்குறைபாடு உள்ளவருக்கு அந்தச் சிவப்பும் இல்லை.

தவறு என்னவென்றால், கைபேசி எண்ணை நடுவில் இடைவெளி விட்டு அடித்திருந்தேன். எண்ணை அப்படித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். இடைவெளியை நீக்கிக்கொள்ள நிரலில் ஒரே ஒரு வரி போதும். அதைத் திருத்தி அனுப்பினால், பாதுகாப்புக் குறியீட்டுப் படம் (கேப்ச்சா) காலாவதியாகிவிட்டது, பக்கம் புதிதாக ஏறியது, ஆறு பெட்டிகளும் காலி. புகாராக எழுதிய நான்கு பத்தியும் போயிற்று. அந்தக் குறியீட்டுப் படத்துக்கு ஒலி வடிவம் கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1994-இல் தொகுத்த பத்து வடிவமைப்பு விதிகளில் ஒன்று, பயனர் தன் பிழையை அடையாளம் கண்டு மீள உதவ வேண்டும் என்பது. அணுகல் நெறிகளில் ஒன்று, எந்தப் பெட்டியில் என்ன பிழை என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது. இரண்டும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காரணத்துக்காக எழுதியவை. இந்தப் படிவத்தைத் திருத்த எதைப் பின்பற்றினாலும் அதே திருத்தம்தான் வரும்.

இதே போட்டியில் ஒரு குழாய் வால்வு தயாரிப்பாளரின் படிவமும் இருந்தது. பார்க்கப் பத்து வருடப் பழசு. ஒவ்வொரு பெட்டிக்கும் மேல் லேபிள், பிழை வந்தால் மேலே ஒரு பட்டியல், அதில் ஒவ்வொரு வரியும் அந்தந்தப் பெட்டிக்கு இணைப்பு. ஃபோகஸ் தானாகவே அந்தப் பட்டியலுக்குப் போகிறது. அடித்தது எதுவும் அழியவில்லை. வடிவமைப்பில் மற்ற நடுவர்கள் கடைசி இடம் கொடுத்திருந்த தளம் அது.

ஆண்டறிக்கை

முதலீட்டாளர் பகுதிகளைப் பற்றிச் சுருக்கமாக. பக்கங்கள் பரவாயில்லை, உள்ளே தொங்கும் பி.டி.எஃப். கோப்புகள்தான் பிரச்சினை. மருந்து நிறுவனத்தின் ஆண்டறிக்கை அச்சுக் கலைக்கே பெருமை சேர்க்கும். நடுவர்கள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். திரைவாசிப்பானில் கேட்டால், இரண்டு பத்தி அமைப்பைக் குறுக்காகப் படிக்கிறது. இடப் பத்தியில் அரை வரி, வலப் பத்தியில் அரை வரி. நிதி அட்டவணையில் எண்கள் மட்டும் வருகின்றன, எந்த ஆண்டு, எந்த வரிசை என்று வருவதில்லை. நிகர லாபம் பெரிய எழுத்தில் ஒரு படமாகவே ஒட்டப்பட்டிருந்தது. கோப்புக்குள் தலைப்பு, பத்தி, அட்டவணை என்று அடையாளமிடும் வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. 2012-இல் அதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 14289 என்ற தரமும் வந்தது. அச்சுக்கு அனுப்பிய கோப்பை அப்படியே தளத்திலும் ஏற்றினால் அது எப்படி வரும்?

மிதக்கும் நீலப் பொம்மை

சில தளங்களின் ஓரத்தில் கை விரித்து நிற்கும் மனித உருவம் ஒன்று மிதக்கிறது. அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கு, நிறத்தை மாற்று, வாசித்துக் காட்டு என்று பட்டியல் விரியும். அதை வாங்கிப் பொருத்திவிட்டால் அணுகல்தன்மை முடிந்தது என்று விற்கிறார்கள். திரைவாசிப்பான் தேவைப்படுபவர் அதைத் தன் கணினியில் ஏற்கெனவே வைத்திருக்கிறார். எழுத்தைப் பெரிதாக்க உலாவி இருக்கிறது. மேலே சொன்ன புகார்ப் படிவத்திலும் இந்தப் பொம்மை நின்றுகொண்டிருந்தது. படிவத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. போதாக்குறைக்கு அனுப்பு பட்டனின் ஒரு மூலையை மறைத்தது. தன் கருவி எந்தத் தளத்தையும் நெறிகளுக்கு உட்பட்டதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. பொம்மைக்கு மதிப்பெண் கிடையாது என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

நண்பர் கேட்டது

என் சோதனைகளுக்குப் பிறகு, பிறவியிலேயே பார்வையில்லாத சக நிரலாளர் ஒருவரிடம் அதே வேலைகளைக் கொடுத்தேன். கண் தெரிந்தவன் திரையை அணைத்துவிட்டுச் சோதிப்பதும் அவர் தினமும் பயன்படுத்துவதும் ஒன்றில்லை. அவருடைய என்விடிஏ பேசும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிரியவில்லை.

நான் முகப்பை மேலிருந்து கீழே வரி வரியாகக் கேட்டிருந்தேன். அவர் எச் விசையைத் தட்டினார், தலைப்புக்குத் தலைப்பு தாவினார். நீளமான பக்கத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் அளவில் முதலில் தலைப்புகளைத்தான் தேடுகிறார்கள் என்று வெப்எய்மின் கருத்துக் கணிப்புகளும் சொல்கின்றன. சரக்கு நிறுவனத்தின் தளத்தில் தட்டியதும் "அடுத்த தலைப்பு இல்லை" என்றது. திரையில் அழகான பெரிய எழுத்துகளில் ஏழெட்டுத் தலைப்புகள் இருக்கின்றன என்று சொன்னேன். நிரலில் அவற்றைத் தலைப்பு என்று குறிக்கவில்லை.

"இருக்கலாங்க. எனக்கு இது ஒரே ஒரு நீளமான பத்தி," என்றார்.

என் கண்ணில் பெரிதாகப் பட்ட சில குறைகளை அவர் பொருட்படுத்தவே இல்லை. பெயரில்லாத சமூக ஊடக இணைப்புகளைக் கேட்டுவிட்டு, "இது எல்லாத் தளத்திலும் இருக்கும், தாண்டிப் போயிடுவேன்," என்றார். பிழையைச் சொல்லாத படிவத்தில் மட்டும் நின்றார். "இந்த மாதிரி இடத்துலதான் வேற யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கு. பாலிசி எண்ணை இன்னொருத்தர்கிட்ட கொடுக்கணும்." குறைகளுக்கு எடை போடும் வரிசையை அதற்கப்புறம் மாற்றினேன். எரிச்சலூட்டுவது, தாமதமாக்குவது, தடுத்து நிறுத்துவது என்று மூன்று நிலை. தடுத்து நிறுத்தும் ஒரு குறை, எரிச்சலூட்டும் இருபது குறையைவிடக் கனமானது. கருவியின் எண்ணில் இந்த எடை வராது.

தாள் என்ன ஆனது

நடுவர் கூட்டத்தில் ஒருவர், "அப்போ அழகுக்கு மதிப்பே இல்லையா சார்?" என்று கேட்டார். காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி ஒப்பீட்டுப் பக்கத்தை டேப் விசையில் ஓட்டிக் காட்டினேன். புகார்ப் படிவத்தில் சொதப்பிய அதே நிறுவனம்தான். இந்தப் பக்கத்தை வேறு குழு செய்திருக்க வேண்டும். ஃபோகஸ் கோடு அவர்களுடைய கரும்பச்சையில், உள்ளே ஒரு வெள்ளை விளிம்போடு, எந்தப் பின்னணியிலும் பளிச்சென்று தெரிகிறது. அசைவைக் குறைக்கும்படி கணினியில் அமைத்திருந்தால் பின்னணிக் காணொளி நின்று ஒரு படமாகிவிடுகிறது. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் பாலிசி, எந்த அம்சம் என்று திரைவாசிப்பான் சொல்கிறது. போட்டியிலேயே அழகான பக்கமும் அதுதான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வால்வு தயாரிப்பாளரின் தளத்தை நான் தூக்கிப்பிடிக்கவும் இல்லை. வரிகள் திரையின் முழு அகலத்துக்கும் ஓடுகின்றன, ஒரு வரி முடித்து அடுத்ததைப் பிடிப்பதற்குள் கண் வழி தவறுகிறது. மதிப்பெண் குறைய வேண்டியதுதான்.

இன்னொருவர் இதையெல்லாம் கேட்டால் நிறுவனங்கள் போட்டிக்கே வராது என்றார். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கின் தளத்தில் படங்களுக்கு ஆல்ட் உரை இல்லை, முடிவு அட்டவணைகளைப் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் வழக்காடி, அமைப்புக் குழுவிடமிருந்து 20,000 ஆஸ்திரேலிய டாலர் பெற்றதைச் சொன்னேன். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை.

70, 30 என்ற பிரிவு போயிற்று. மூன்று வேலைகளையும் விசைப்பலகையிலும் திரைவாசிப்பானிலும் முடிக்க முடிகிறதா என்பது முதல் கேள்வியானது. ஏதாவது ஒன்று முடியாவிட்டால் மொத்தம் 50-ஐத் தாண்டாது. அதற்கப்புறம்தான் நிறம், எழுத்துரு, அமைப்பு, நடை எல்லாம். முன்பு முதலிடத்தில் இருந்த மருந்து நிறுவனம் நடுவே வந்தது. முதல் இடத்துக்கு வந்தது, யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு மின்கருவி நிறுவனம். அதைப் பற்றி இந்தப் பதிவில் நான் ஒன்றுமே எழுதவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. குறிப்பேட்டிலும் அதற்கு அரைப் பக்கம்தான் இருக்கிறது. போனேன், வேலை முடிந்தது, வந்துவிட்டேன்.

முடிவுகளோடு குறைப் பட்டியலையும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அனுப்பினோம். எந்தப் பக்கம், என்ன அழுத்தினால் என்ன நடக்கிறது, யாருக்கு வேலை நிற்கிறது என்று குறைக்கு மூன்று வரி. விதி எண்ணைக் கடைசியில் போட்டேன். முதலில் போட்டால் சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். சரக்கு நிறுவனம் ஃபோகஸ் கோட்டை உடனே சரிசெய்தது, ஒற்றை வரியை அழிக்க வேண்டியதுதானே. தலைப்புகளும் இப்போது எச் விசைக்குப் பதில் சொல்கின்றன. காப்பீட்டு நிறுவனம் புகார்ப் படிவத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. பிறந்த தேதி நாள்காட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. வேலைவாய்ப்புப் பகுதி வெளி நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது, அது எங்கள் தளம் இல்லை என்று பதில் வந்தது. லோகோ அவர்களுடையது, இணைப்பு அவர்கள் மெனுவில் இருக்கிறது. அடுத்த முறைக்கான தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: தளத்தின் மெனுவிலிருந்து போகக்கூடிய விண்ணப்பம், கட்டணம், புகார் ஆகிய பக்கங்கள் எவருடைய சேவையகத்தில் இருந்தாலும் அந்தத் தளத்தின் கணக்கில்தான் சேரும்.